லோ நியூட்டன் போகுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே, நார்தம்பர்லாந்து கடற்கரையில் லோ நியூட்டன்-பை-த-சீ என்ற சிற்றூர் இருக்கிறது. நடுவில் ஒரு புல்வெளி, அதன் மூன்று பக்கமும் வெள்ளையடித்த தாழ்வான மீனவர் வீடுகள், நாலாவது பக்கம் கடல். ஊர் என்பது அவ்வளவுதான். வீடுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் உடைமை. மூலையில் ஷிப் இன் என்ற மதுக்கடை, தனக்கு வேண்டிய பியரைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. கடை வீதி கிடையாது, கடலோர நடைமேடை கிடையாது, பொம்மைக் கடைகளும் ராட்டினங்களும் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் மைல் கணக்கில் மணல்.

இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தெற்கே தெரியும் டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிந்த கோபுரங்களிலிருந்துதான் தொடங்குவார்கள். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை. எந்தத் திசையில் நடப்பது, எப்போது கிளம்புவது, எங்கே குளிப்பது, எந்தப் பாறைமேல் ஏறக்கூடாது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியின் ஓத நேரங்களைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் துறைமுகம் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள நார்த் ஷீல்ட்ஸ். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் சராசரியாக 4.3 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதி, 2 மீட்டர் அளவு. உச்ச ஓதம் சரியாகப் பௌர்ணமியன்றே வந்துவிடாது. இரண்டு நாள் தள்ளி, துவிதியை வாக்கில்தான் வரும். இந்தக் கரையில் ஓதம் வடக்கிலிருந்து தெற்காக இறங்கிவருவதால், லோ நியூட்டனில் நார்த் ஷீல்ட்ஸ் நேரத்துக்குச் சுமார் அரை மணி முந்தியே கடல் ஏறிவிடும். அட்டவணை வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அச்சிட்ட பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அதோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தவர் கடல் இறங்கி முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பும்போது அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு முறை கூட்டியவர் பாடுதான் ஆபத்து.

கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முழுக்க இறங்கிய வற்றத்திலிருந்து முழுக்க ஏறிய ஏற்றம் வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, கடைசி மணியில் ஒன்று. 4.3 மீட்டர் ஓதத்தில் முதல் மணி நேரத்தில் சுமார் 36 சென்டிமீட்டர்தான் ஏறும். பார்ப்பவருக்குக் கடல் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல். சரிவே இல்லாத தட்டை மணலில் ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் நீரின் விளிம்பு பல பத்து மீட்டர் உள்ளே வந்துவிடும். பாறைக் குட்டைகளில் நண்டு தேடிக் குனிந்திருப்பவர்கள் சிக்குவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். அதுவும் கடல் முன்னாலிருந்து வந்து மறிக்காது. பாறைத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் முதலில் நிரம்பும். திட்டு இன்னும் காய்ந்தே இருக்கும், திரும்பும் வழிதான் போயிருக்கும். ஆகவே பாறைகளுக்குப் போவதென்றால் வற்றத்துக்கு முன்பே போய், கடல் திரும்பும் நிமிடத்தில் நீங்களும் திரும்பிவிட வேண்டும்.

ஓதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரே இடத்தில் பெரிய ஓதங்கள் நாளின் ஒரே வேளையில்தான் வரும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதங்களின் ஆழ்ந்த வற்றம், கோடைக் கடிகாரப்படி, காலை 10 முதல் 12 மணிக்குள் விழும். இரவிலும் அதே வேளையில் ஒன்று. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே பௌர்ணமி வாரத்தில் வந்தால் காலையில் மணல் நடை, அஷ்டமி வாரத்தில் வந்தால் பிற்பகலில். இந்த ஒன்றை மனதில் வைத்தால் விடுமுறை நாளைத் தேர்ந்தெடுப்பதே எளிதாகிவிடும்.

வந்து சேர்வது பற்றிச் சுருக்கமாக. கிழக்குக் கடற்கரைப் பெருவழியில் அருகிலுள்ள பயனுள்ள ரயில் நிலையம் ஆல்ன்மவுத். நியூகாசிலிலிருந்து அரை மணி நேரம். வரைபடத்தில் இன்னும் நெருக்கமாகத் தெரியும் சாட்ஹில் நிலையத்தில் நாளுக்கு விரல்விட்டு எண்ணும் ரயில்கள்தான் நிற்கும், அதை நம்பாதீர்கள். எக்ஸ் 18 பேருந்து மேலே உள்ள ஹை நியூட்டன் வழியாகப் போகும். அங்கிருந்து கால் மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். காரில் வந்தால் ஊருக்கு மேலே மேட்டில் கட்டண நிறுத்துமிடம் உண்டு. கீழே சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் தவிர யாரும் நிறுத்த இடமில்லை, தெரு அவ்வளவு குறுகல். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் அடித்தால் காலை 10 மணிக்குள் வந்துவிடுங்கள். கைபேசி சிக்னல் நம்பகமில்லை. ஓத நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் வைப்பது நல்லது.

இந்த இடத்தில் ஊர் முளைத்ததற்கே காரணம் முன்னால் இருக்கும் பாறைத்திட்டு. நம் கடலோரத்தில் மீனவர்கள் பார் என்று சொல்வார்களே, அதுபோல வற்றத்தில் தலைகாட்டி ஏற்றத்தில் மூழ்கும் நீண்ட பாறை வரிசை. வட கடலின் அலை அதில் மோதி உடைந்து தளர்ந்துதான் கரைக்கு வருகிறது. அந்த மறைவில் அமைந்த சிறு விரிகுடா நியூட்டன் ஹேவன். துறைமுகச் சுவர் கட்டாமலேயே படகைக் கரையேற்றக்கூடிய இடம்.

அப்படிக் கரையேற்றுவதற்கென்றே உருவான படகு கோபிள். இதைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியவில்லை. முன்பக்கம் உயர்ந்து கூராக, நீருக்குள்ளும் ஆழமாக இறங்கியிருக்கும். பின்பக்கம் தட்டை, அடியில் இரண்டு பக்கமும் சறுக்குக் கட்டைகள். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏற்றி அடித்திருப்பார்கள். பழைய தச்சர்கள் வரைபடம் இல்லாமல் கண்ணளவாகவே கட்டினார்கள். கடலில் தள்ளும்போது மூக்கு அலையைப் பார்க்கும். திரும்பும்போதும் மூக்கு அலையைத்தான் பார்க்க வேண்டும்: அலை உடையும் இடத்துக்கு வெளியே படகைத் திருப்பி, பின்பக்கமாகவே கரைக்கு வருவார்கள். தட்டையான அடியும் சறுக்குக் கட்டைகளும் மணலில் நிமிர்ந்து அமர்ந்துகொள்ளும். சுக்கான் படகின் அடியைவிட ஆழமாக இறங்கும் என்பதால் கரை நெருங்குமுன் அதைக் கழற்றிவிட வேண்டும்; மறந்தால் மணலில் குத்தி உடையும். பின்னாலிருந்து பெரிய அலை துரத்தும்போது இந்தப் படகுக்குப் பலம் குறைவு. முன்மூக்கு நீரைப் பிடித்துக்கொள்ள, தட்டையான பின்பக்கத்தை அலை தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அந்த ஒரு பலவீனத்தைத் தெரிந்து ஓட்டியவர்கள்தான் இந்த வீடுகளில் வாழ்ந்தார்கள்.

இன்று இந்தக் கரையோரத்தில் மிஞ்சியிருக்கும் மீன்பிடி பெரும்பாலும் நண்டும் லாப்ஸ்டரும்தான். கடலில் மிதக்கும் வண்ண மிதவைகளுக்குக் கீழே கூடுகள் கிடக்கும். அவற்றை இழுத்துப் பார்ப்பது திருட்டுக்குச் சமம். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து முதுகோட்டின் கடைசிவரை 87 மில்லிமீட்டர் இல்லாத லாப்ஸ்டரைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது சட்டம். வயிற்றில் முட்டை சுமப்பதையும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

இனி தெற்கு நடை. லோ நியூட்டனிலிருந்து கோட்டை வரை சுமார் 4 கிலோமீட்டர், அங்கிருந்து கிராஸ்டர் கிராமம் 2 கிலோமீட்டர். வற்றத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பாகக் கிளம்புங்கள். நீர் வடிந்த ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும்; மேலே காய்ந்த மணலில் நடந்தால் இதே தூரத்துக்கு இரண்டு மடங்கு களைப்பு. ஒரு பாறை முனையைத் தாண்டியதும் எம்பிள்டன் விரிகுடா அரைவட்டமாகத் திறக்கும். மேட்டின்மேல் பழைய மரக் குடில்கள், மணலோரத்தில் இரண்டாம் உலகப்போரில் படையிறக்கத்துக்கு அஞ்சி வைத்த கான்கிரீட் காவலறை. எம்பிள்டன் ஓடை விரிகுடாவின் நடுவில் கடலில் விழுகிறது. வறண்ட நாளில் கணுக்கால் நீர். மழை பெய்த மறுநாள் முழங்காலைத் தாண்டும், அடிமணலும் இளகியிருக்கும். அப்போது மணலை விட்டு உள்ளே போய் நடைபாலத்தில் கடப்பதே சரி. ஓடை கடலில் சேரும் வாயில் எப்போதும் ஒரு வெளியிழுப்பு இருக்கும். குழந்தைகள் விளையாட அந்த இடம் வேண்டாம்.

விரிகுடாவின் தென்கோடியில் மணல் முடிந்து கரும்பாறைக் குண்டுகள் தொடங்கும். ஒவ்வொன்றும் பானை, அண்டா அளவு, உருண்டு வழுவழுத்து, பாசி பிடித்தவை. பலர் கணுக்காலைத் திருப்பிக்கொள்ளும் இடம் இது. குண்டுகளின்மேல் குறுக்கு வழி தேடாமல், மணல் முடியுமுன்பே மேட்டில் ஏறி கோல்ஃப் மைதான ஓரப் பாதையைப் பிடியுங்கள். இங்கே கரையோரம் கிரேமேர் என்ற பாறை இருக்கிறது: சுண்ணாம்புக்கல் அடுக்குகள் போர்வை மடித்ததுபோல் வளைந்து, குதிரைச் சேணம் மாதிரி நிற்கும். அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

கோட்டை நிற்கும் கரும்பாறையின் பெயர் வின் சில். ஏறத்தாழ 295 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக்குழம்பு வெளியே வராமல், பழைய பாறை அடுக்குகளுக்கு நடுவே பரவிப் படுத்து உறைந்தது. அப்படிப் படுத்த பாறைக்கு நிலவியலில் உலகமெங்கும் வழங்கும் சில் என்ற சொல்லே இந்த வட்டாரக் கல்லுடைப்பவர்களின் பேச்சிலிருந்து எடுத்ததுதான். ரோமானியரின் ஹேட்ரியன் சுவர் உயரமாகச் செல்லும் முகடும், பாம்பரோ கோட்டைக் குன்றும், ஃபார்ன் தீவுகளும் இதே பாறை. சுற்றியுள்ள மென்மையான பாறையைக் கடல் தின்றுவிட, இது மட்டும் நிற்கிறது.

அதன்மேல் கோட்டை கட்டத் தொடங்கியவர் லங்காஸ்டர் பிரபு தாமஸ், 1313இல். அரசர் இரண்டாம் எட்வர்டின் பங்காளி, அவருக்கே எதிரி. 1322 மார்ச்சில் பரோபிரிட்ஜ் போரில் தோற்றுப் பிடிபட்டு, சில நாட்களில் பாண்டிஃப்ராக்டில் தலை வெட்டப்பட்டார். 1380களில் அப்போதைய லங்காஸ்டர் பிரபு ஜான் ஆஃப் காண்ட் வாயிற்கோபுரத்தின் வழியை அடைத்து அதையே உள்கோட்டையாக மாற்றி, பக்கத்தில் வேறு வாசல் வைத்தார். 15ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களான ரோஜாப் போர்களில் அடிபட்டபின் கோட்டை எழவேயில்லை. நடப்பவர்களுக்கு வேண்டிய செய்தி: வடக்கிலிருந்து நேராக ஏறி உள்ளே போக முடியாது. மேற்குப் பக்கமாகக் கீழே சுற்றித் தெற்கே வந்தால்தான் வாசல். அந்த மேற்குப் பள்ளத்தில்தான் தாமஸ் செயற்கை ஏரிகள் வெட்டினார். மழைக்காலத்தில் இன்றும் அங்கே தண்ணீர் தேங்கும், பாதை சேறாகும். வடக்கே கல் கிராக் (Gull Crag) என்ற செங்குத்துப் பாறையில் கிட்டிவேக் கடற்காகங்கள் கூடு கட்டும். அதன் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்க்க வேண்டாம். கோட்டைக்கு வண்டிப் பாதை கிடையாது, எப்படி வந்தாலும் நடைதான். குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை.

கிராஸ்டரில் ஒரு சிறு துறைமுகம், 1906இல் முடித்தது. 1904இல் திபெத் படையெடுப்பில் இறந்த இந்த ஊர்க் குடும்பத்துப் படைத்தலைவர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. அருகே 1856இல் எழுந்த புகைக்கொட்டகையில் இன்றும் கிப்பர் தயாராகிறது. நம் சாளை, மத்தியின் உறவான ஹெர்ரிங் மீனை முதுகு வழியே பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, கொக்கிகளில் தொங்கவிட்டு, ஓக் மரத்தூளைக் கனலவிட்டு 16 மணி நேரம் வரை புகையூட்டுவார்கள். மீன் இப்போது பெரும்பாலும் வெளிக்கடல்களிலிருந்து வருகிறது, புகைதான் ஊருடையது. வாங்கிச் சென்றால் எளிய வழி: வாயகன்ற ஜாடியில் தலைகீழாக நிறுத்தி, கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து எடுங்கள். வாணலியில் வறுத்தால் எண்ணெய் கக்கி வீடெங்கும் மூன்று நாள் மணக்கும்.

குளிக்க நினைப்பவர்களுக்கு. கோடை முடிவில்கூட இந்தக் கடல் 13, 14 டிகிரிதான். பிப்ரவரி, மார்ச்சில் 5, 6. குளிர்நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாக வாங்கும், அந்த வாங்கலில்தான் நீர் உள்ளே போகும். அது ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். இங்கே இன்னொரு கண்ணி உண்டு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்று கரையோர நீரைத் தட்டையாக்கிக் கண்ணாடிபோல் காட்டும். அமைதியாக இருக்கிறதே என்று காற்றடைத்த மெத்தையையும் பொம்மைப் படகையும் இறக்கினால் அது நேராக டென்மார்க் பக்கம் கிளம்பிவிடும், துரத்தி நீந்திப் பிடிக்க முடியாது. போனது போகட்டும் என்று விடுங்கள். யாராவது சிக்கினால் 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்ட் என்ற கடலோரக் காவலரைக் கேட்க வேண்டும். உயிர்காப்பாளரை எதிர்பார்த்து இறங்கும் கரை இதுவல்ல.

கிழக்கிலிருந்து காற்று அடித்தால் சிக்கல் வேறு. ஏப்ரல் முதல் கோடைவரை வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது பனிமூட்டமாகத் திரண்டு கரையேறும். ஊர்க்காரர்கள் இதை ஃப்ரெட் என்பார்கள். நாலு மைல் உள்ளே வெயில் காயும். கரையில் பத்தடி தெரியாது, உடல் நடுங்கும். ஜூலையிலும் பையில் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மூட்டம் சூழ்ந்தால் மணலை விட்டு மேட்டுப் பாதைக்கு ஏறிவிடுங்கள், கடல் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

ஊருக்குத் தெற்கே மணல்மேட்டின் பின்னால் நியூட்டன் குளம், பறவை பார்க்கும் மறைகுடில்களோடு. மேட்டில் ஜூன், ஜூலையில் செவ்வூதா நிறத்தில் பூப்பது பிளடி கிரேன்ஸ்பில், இந்த மாவட்டத்தின் பூ. மர்ரம் புல்லின் வேர்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. குறுக்கே ஏறிச் சறுக்கினால் புல் செத்து, அந்த வாயில் காற்று மணலை அள்ளிவிடும். இருக்கும் பாதையிலேயே போங்கள்.

வடக்கு நடைதான் எனக்கு மேலானது, கூட்டமும் குறைவு. நியூட்டன் முனையைச் சுற்றி, ஃபுட்பால் ஹோல் என்ற சிறிய கடல்வளைவைத் தாண்டினால் பீட்னல் விரிகுடா. அங்கே லாங் நானி என்ற ஓடையின் வாயில் ஆலா என்ற கடற்பறவைகள் கூடுகட்டுகின்றன: ஆர்க்டிக் ஆலாக்கள் நூற்றுக்கணக்கான ஜோடிகள், சின்ன ஆலாக்கள் சில பத்து ஜோடிகள். ஆர்க்டிக் ஆலா நூறு கிராம் எடைதான். பக்கத்து ஃபார்ன் தீவுகளிலிருந்து 2015 ஜூலையில் கிளம்பிய ஒன்று, அண்டார்டிகாவரை போய், மறு மே மாதம் திரும்பியது. காலில் கட்டிய கருவியின் கணக்குப்படி 96,000 கிலோமீட்டர்.

அவ்வளவு தூரம் பறந்து வரும் பறவை இடும் முட்டை மணலில் ஒரு கைப்பிடிக் குழியில் கிடக்கிறது. மணல் நிறம், கூழாங்கல் புள்ளி; இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. சின்ன ஆலா ஏற்றக் கோட்டுக்குச் சற்று மேலேயே இடும். மே முதல் ஆகஸ்ட் வரை நேஷனல் டிரஸ்ட் காவலர்கள் அங்கே கூடாரம் போட்டு இரவு பகலாகத் தங்குகிறார்கள். நரி, மரநாய் வகைகள், வல்லூறு, மனிதர், நாய் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் முதல் புத்தகம் ஓத அட்டவணைதான். ஜூனில் அமாவாசை, பௌர்ணமி ஓதம் வரும் நாட்களில் வடகாற்றும் சேர்ந்துகொண்டால் கடல் வழக்கமான கோட்டைத் தாண்டும். அதற்கு முன்பே கூடுகளை மணல் நிரப்பிய பெட்டிகளின்மேல் உயர்த்திவைப்பார்கள். ஒரேயடியாகத் தூக்கினால் தாய் கைவிட்டுவிடும் என்பதால் சிறிது சிறிதாக.

நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. நாயைச் சங்கிலியில் பிடிக்க வேண்டும். அறிவிப்பு இருக்கும் இடத்தில் கூட்டிவரவே கூடாது. ஓடை வாயை நீரில் இறங்கிக் கடக்காமல், உள்ளே உள்ள நடைபாலத்தால் போக வேண்டும். தொப்பி போடுங்கள், ஆலாக்கள் தலையில்தான் கொத்தும். பறவைகள் மொத்தமாக எழுந்து கத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அவை எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும். வந்த வழியே பத்தடி பின்வாங்கி நின்றால், ஒவ்வொன்றாக இறங்கி, தன் குழியைத் தேடி உட்காரும்.